சுத்த சைவக் கேமரா

ஆண்டாளின் உள்ளங்கைகள் தண்ணீர் அள்ளுவதுபோலக் குழிந்திருந்தன. குழிந்த கையால் இளையபெருமாளின் முதுகில் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வந்தாள். டொப், டொப் என்று சத்தம் வந்தது. கையை விரித்துத் தட்டினால் அது அடி. குழித்துத் தட்டினால் நெஞ்சில் ஒட்டிக்கிடக்கும் சளி கிளம்பும். முப்பது தட்டு ஆனதும் பெரியவர் இருமினார். கிண்ணத்தை வாயருகே பிடித்து, துப்பியதன் நிறத்தைப் பார்த்தாள். வெள்ளைதான். நல்லது.

"ஆண்டாளம்மா, மெதுவா அடி, வலிக்கப்போவுது" என்றது சுவர்.

சுவர் என்றால், சுவரின் மூலையில் கூரைக்கு ஒரு சாண் கீழே உட்கார்ந்திருந்த வெள்ளை உருண்டைக் கேமரா. பேச்சை வாங்கவும் பேசவும் அதற்குள்ளேயே வசதி இருந்தது. விழுப்புரத்தில் தன் கடையில் உட்கார்ந்தபடி, பெரியவரின் மகன் பாண்டுரங்கன் செல்போனில் பார்ப்பான். தோன்றினால் பேசுவான். செஞ்சிக்கு நேரில் வருவதென்றால் நாற்பது கிலோமீட்டர் கார் ஓட்ட வேண்டுமே.

"அடிக்கல தம்பி, தட்டறேன். ரெண்டு வருஷமா சொல்லிக்கினு இருக்கேன்."

பெரியவர் மகனின் குரல் வந்த மூலையைப் பார்த்து, "இன்னா?" என்றார்.

"ஒண்ணுமில்ல நைனா" என்றது கேமரா.

இரண்டு வருஷத்துக்கு முன் வாதம் அடித்ததில் இளையபெருமாளுக்கு வலது கையும் வலது காலும் போயின. கூடவே பேச்சும் போனது. எண்பது வருஷம் பேசிய அத்தனை சொல்லும் போய், "இன்னா" என்ற ஒன்று மட்டும் தங்கியது. பசித்தால் இன்னா. மூத்திரம் வந்தால் இன்னா. நெல் விற்கும் கமிட்டியில் முப்பது வருஷம் மூட்டை எடை போட்டவர்; காபி ஆறிப்போயிருந்தால் இடதுகையைத் தராசுத் தட்டுபோலச் சாய்த்துக் காட்டி வெட்டென்று ஓர் இன்னா. ஆண்டாளுக்கு ஏழு விதமான இன்னா தெரியும். மகனுக்கு ஒன்றுகூடத் தெரியாது. அப்பா கேள்வி கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் பதில் சொல்வான்.

முதல்தடவை அவள் முதுகு தட்டியதைக் கேமராவில் பார்த்தபோது அவன் செய்ததைச் சொல்ல வேண்டும். அப்பனுக்கு வாதம் வந்த செய்தி கேட்டு மறுநாள் மத்தியானம் வந்தவன், வேலைக்காரி அப்பனை அடிக்கிறாள் என்றதும் முக்கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தான். கூட இரண்டு ஆள் வேறு. ஆண்டாள் அவனைத் திருப்பி உட்காரவைத்து அவன் முதுகிலேயே தட்டிக் காட்டினாள். அவனுக்கும் சளி கிளம்பியது. மன்னிப்பு மட்டும் கிளம்பவில்லை.

ஆண்டாளுக்கு ஐம்பத்தொன்பது வயது. மண்டகப்பட்டில் பிறந்தவள். லாரி ஓட்டிய புருஷன் ஒருநாள் போனவன் திருவண்ணாமலையில் வேறு குடித்தனம் வைத்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டாள், தேடிப் போகவில்லை. தேடுகிற நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் தரை துடைத்தால் சாப்பாடு நடக்கும் என்று துடைத்தாள். நாற்பத்தாறாவது வயதில், இருபது வயசுப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து வீட்டு நோயாளிகளைப் பார்க்கும் ஆறு மாதப் பயிற்சி முடித்தாள். அப்போது வாங்கிய சான்றிதழை லேமினேஷன் பண்ணிப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறாள். இளையபெருமாள் அவளுக்கு ஒன்பதாவது ஆள்.

முன்னால் பார்த்த எட்டுப் பேரில் ஏழு பேர் வயதாகிப் போனார்கள். ஒருவர் மட்டும் புண்ணால் போனார். தளவானூர் பொன்னுசாமி. இவள் போய்ச் சேரும்போதே இடுப்பில் கைமுட்டி நுழைகிற அளவுக்குப் படுக்கைப்புண். அந்த வீட்டில் மூன்று மருமகள்கள், நாலு ஏக்கர் கிணற்றுப் பாசனம், ஒரு ஏசி. இரண்டு மணிக்கு ஒருதடவை ஆளைத் திருப்பிப் போட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஊதுவத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள், நாற்றத்துக்கு. நாற்பது நாள்தான் தாங்கினார்.

அதற்கப்புறம் ஆண்டாள் யார் வீட்டில் கால் வைத்தாலும் முதலில் பார்ப்பது நோயாளியின் தோலைத்தான். பயிற்சிப் புத்தகத்தில், புண் வருமுன் அந்த இடம் சிவக்கும் என்று போட்டிருந்தது. வெள்ளைக்காரன் தோலைப் பார்த்து எழுதிய புத்தகம். நம் ஆட்களின் தோலில் சிவப்பு எங்கே தெரியும்? புறங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். சுற்றியிருக்கிற தோலைவிட ஒரு இடம் சுட்டால், உள்ளே சதை வேகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எட்டுப் பேரைத் தொட்டுத் தெரிந்துகொண்டாள்.

இனி பாண்டுரங்கனின் தொழிலுக்கு வருவோம். நகைக்கடை, ரைஸ்மில், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் என்று திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை வரைக்கும் கேமரா மாட்டிக்கொடுப்பது அவன் வேலை. 'யாரையும் நம்பாதீர்கள், எங்களை நம்புங்கள்' என்று கடைப் பலகையில் எழுதி வைத்திருந்தான். நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. கேமரா எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும், அரசாங்கம் ஒப்புக்கொண்ட பரிசோதனைக் கூடத்தில் பிரித்துப் பார்த்துச் சான்று வாங்கியிருந்தால்தான் விற்கலாம். வெளிநாட்டுக் கேமராக்கள் இங்கே பார்ப்பதை அங்கே அனுப்பிவிடும் என்று அரசாங்கத்துக்குப் பயம். பயம் சரியோ தப்போ, விவரம் தெரிந்த வியாபாரிகள் கையிலிருந்த சான்றில்லாத சரக்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். தள்ளியதை வாங்க ஒருவன் வேண்டுமே. பாண்டுரங்கன் வாங்கினான்.

வெளிநாட்டுச் சீட்டைக் கிழித்துவிட்டு நம் நாட்டுச் சீட்டை ஒட்டினால் தீர்ந்தது என்பது அவன் கணக்கு. கடையில் வைத்தால் அதிகாரிகள் பார்ப்பார்கள். எங்கே வைக்கலாம் என்று யோசித்தவனுக்குப் பெற்ற அப்பன் ஞாபகம் வந்தது.

"சீக்காளி படுத்திருக்கிற ரூம்ல எந்த ஆபீசர் வந்து மூக்க நுழைப்பான்?" என்றான்.

நாற்பத்திரண்டு அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. ஒவ்வொன்றும் இடுப்புயரம். ஜன்னலை மறைத்து, பாதி அறையை அடைத்து, கூரை வரைக்கும் அடுக்கினார்கள். நடு அறையில் இருந்த கட்டிலைத் தள்ளி எதிர்ச்சுவரில் முட்டவைத்தார்கள்.

"தம்பி, கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் ஆள் நிக்க எடம் வேணும். இந்தப் பக்கம் இழுத்தா இப்படித் திரும்புவாரு. அந்தப் பக்கம் நின்னு இழுத்தாதான் அப்படித் திரும்புவாரு. சுவத்துக்குள்ள பூந்து நிக்கச் சொல்றியா என்னை?"

"ஒரே வாரம் ஆண்டாளம்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

ஒரு வாரம் ஐந்து வாரம் ஆனது. சித்திரை போய் வைகாசி வந்தது. மலைப் பாறையெல்லாம் பகலில் குடித்த வெயிலை ராத்திரி முழுக்க ஊருக்குள் ஊதின. ஜன்னல் அடைபட்ட அறையில் பெரியவர் மல்லாந்தோ வலப்பக்கமோதான் படுத்துக் கிடந்தார். வலப்பக்கம் உணர்ச்சியில்லாத பக்கம். வலித்தாலும் அவருக்குத் தெரியாது. ஆண்டாள் தலையணையைக் கொடுத்தும், துணியைச் சுருட்டி வைத்தும் பார்த்தாள். தன்னந்தனியாகச் சுவர்ப்பக்கம் தள்ளியும் பார்த்தாள். செத்துப்போன வலதுகை பின்னால் சரிந்து உடம்பை மறுபடி மல்லாத்திவிட்டது. விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை வலது இடுப்பெலும்பின் மேல் புறங்கையை வைத்தபோது சுட்டது. வியாழக்கிழமை அதே இடத்தில் புளியங்கொட்டை அளவுக்குத் தோல் மேலெழும்பி உள்ளே நீர் தெரிந்தது. உடைந்தால் புண். புண் எங்கே கொண்டுபோய் விடும் என்று தளவானூரில் பார்த்தாயிற்று.

அந்த வியாழக்கிழமை மத்தியானம்தான் பாண்டுரங்கன் காரில் வந்து இறங்கினான், கையில் ஸ்டிக்கர் கட்டோடு. பின்னால் உமர் பாரூக். ஏணி ஏறிக் கேமரா மாட்டுகிற ஆள். செஞ்சிக்காரர், ஐம்பது வயது, பாண்டுரங்கனிடம் பன்னிரண்டு வருஷமாக வேலை. இருவரும் உட்கார்ந்து பெட்டிகளின் பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டத் தொடங்கினார்கள். நாலு பெட்டி ஒட்டிய பிறகுதான் உமர் பாரூக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டிக்கரைப் படித்தார்.

"பாண்டு, இதை எங்க அடிச்சே?"

"இங்கதான், நம்ம பிரஸ்ல. ஏன்?"

"அவலூர்பேட்டை முறுக்குக் கம்பெனிக்கு அடிச்ச அச்சுலயே அடிச்சுட்டான் போலக்குது. மேல 'இந்தியத் தயாரிப்பு'. சரி. கீழ பச்சைப் புள்ளி. 'சுத்த சைவம்'. அதுக்குக் கீழ, 'ஈரமில்லாத இடத்தில் வைக்கவும், மூன்று மாதத்திற்குள் உபயோகிக்கவும்'."

ஆண்டாள் சிரித்துவிட்டாள். "பரவால்ல பாய். மூணு மாசத்துல கெட்டுப்போவும்னு உண்மைய போட்டிருக்கானே."

"யாருய்யா படிக்கப்போறான்?" பாண்டுரங்கன் ஸ்டிக்கரைப் பிடுங்கிப் பார்த்தான். முகம் ஒரு நொடி கோணியது. அப்புறம் தேறிக்கொண்டான். "பச்சைக் கலர்ல வட்டமா இருந்தா கவர்மெண்ட் சீல்னு நெனைச்சுக்குவான். ஒட்டு, ஒட்டு."

உமர் பாரூக் ஒட்டினார். பாண்டுரங்கனுக்கு போன் வந்தது. கல்யாண மண்டபக்காரர் யாரோ. எழுந்து நின்று, வயிற்றைத் தடவிக்கொண்டே பேசினான்.

"சார், பழைய ஃபாரின் கேமராவ இன்னிக்கே கழட்டிடுங்க. அதுல வர்ற படம் பூரா வெளிநாட்டுக்குப் போவுது சார். மணப்பொண்ணு ரூம்ல சேலை மாத்தறத எவனோ ஒருத்தன் அங்க உக்காந்து பாத்துக்கினு இருப்பான். நம்ம வீட்டு மானம் சார்! நான் தர்றது சுத்தமான இந்தியன் மேக். நாளைக்குக் காலையில பத்து பெட்டி அனுப்பறேன்."

அவன் மானத்தைப் பற்றிப் பேசிய அதே நேரத்தில், அவனுக்கு மூன்றடி தூரத்தில் ஆண்டாள் அவன் அப்பாவின் டயப்பரை மாற்றிக்கொண்டிருந்தாள். அவருக்கு நேர்மேலே வெள்ளை உருண்டை பார்த்துக்கொண்டிருந்தது.

போனை வைத்ததும் கேட்டாள். "மேல இருக்குதே, அது எந்த ஊரு?"

"எது?"

"உங்க நைனா தலைமேல தொங்குதே, அது."

"அது... அது பழசு. வீட்டு யூஸுக்குத்தானே."

"ஓகோ. இவருக்கு மானம் வேணாம்." துடைத்த துணியை வாளியில் போட்டாள். "போவட்டும். இங்க வா, கைய வச்சுப் பாரு." பெரியவரின் இடுப்பைத் திறந்து காட்டினாள்.

பாண்டுரங்கன் இரண்டடி பின்னால் போனான். "ஐயோ, மூடு, மூடு. டாக்டர வரச்சொல்றேன்."

"டாக்டர் வந்து இன்னா பண்ணுவாரு, பெட்டி தூக்குவாரா? இவர இடதுபக்கம் திருப்பிப் படுக்க வைக்கணும். அதுக்கு எடம் வேணும். அவ்ளோதான் வைத்தியம்."

"திங்கட்கிழமை ஒரு பெரிய பார்ட்டி வந்து மொத்தமா எடுத்துக்கறாங்க. நாலு நாள் பொறு."

"தோலுக்குத் திங்கட்கிழமை தெரியாது தம்பி. நாளைக்கு ஒடஞ்சா நாளன்னைக்குச் சீழ் புடிக்கும். தோலு போனா ஆளு போயிடுவாரு. நான் பயமுறுத்தல, பாத்தத சொல்றேன்."

"நீ இன்னா என் வியாபாரத்துல பூந்து பேசறே? இஷ்டம் இல்லன்னா கெளம்பு. இந்த வேலைக்குப் பத்து பேரு நிக்கறாங்க."

"பத்து பேரையும் வரச்சொல்லு" என்றாள் ஆண்டாள். "பெட்டி தூக்க ஆள் வேணும்."

உமர் பாரூக் தலையைக் குனிந்து சிரிப்பை விழுங்கினார். பெரியவர் மகனைப் பார்த்து நீளமாக ஓர் "இன்னா" சொன்னார். அது தண்ணீர் கேட்கும் இன்னா. "ஒண்ணுமில்ல நைனா, நல்லா ரெஸ்ட் எடு" என்று சொல்லிவிட்டுப் பாண்டுரங்கன் காரில் ஏறினான். ஆண்டாள் தம்ளரை எடுத்து ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தாள்.

உமர் பாரூக் வாசலில் நின்று செருப்பை மாட்டாமல் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, காலையில ஆறு மணிக்கு வண்டி எடுத்தாறேன், பத்து பெட்டிக்கு. இன்னொண்ணு. அத்தனையும் சான்று வாங்கின கேமரான்னு மண்டபத்துல ஒரு லெட்டர் கேக்கறாங்களாம். மாட்டினவன் கையெழுத்துன்னு என்னைப் போடச் சொல்றான். முறுக்கு ஸ்டிக்கர் அடிச்சது அவன், மாட்டிக்கிறது நானு."

"போடப்போறியா?"

"இன்னா பண்றது? வேலை அக்கா."

புலம்புகிற ஆண்பிள்ளைக்கு ஆறுதல் சொல்வது ஆண்டாள் படித்த பாடத்தில் இல்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கே பெரியவருக்கு வாய் துடைத்து, உடம்பு துடைத்து முடித்தாள். கொப்புளம் இன்னும் உடையவில்லை. கொஞ்சம் பெரிதாகியிருந்தது. ஆறுக்கு உமர் பாரூக் சின்ன லோடு வண்டியோடு வந்தார்.

"பாய், பத்து பெட்டி தூக்கற கை நாப்பத்திரண்டு தூக்காதா?"

"எங்க தூக்கறது?"

"தெருவுக்கு."

"அக்கா, என் சோத்துல மண்ணப் போடாதே. அவன் மேலேந்து பாத்துக்கினே இருப்பான்."

"இப்ப தூங்குவான். ஏழு மணிக்கு மேலதான் அப்பன் ஞாபகம் வரும். இங்க வா. கையத் திருப்பு. புறங்கை. ஆங், இங்க வை."

உமர் பாரூக் மறுக்கவில்லை. ஏணியும் வயரும் பிடித்துக் காய்த்துப்போன கையைத் திருப்பி, பெரியவரின் இடுப்பில் அவள் காட்டிய இடத்தில் வைத்தார். பிறகு பக்கத்தில் வைத்தார். மறுபடி முதல் இடத்துக்கே கொண்டுவந்தார்.

"சுடுது" என்றார்.

"அவ்ளோதான்."

அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் பெட்டியைத் தூக்கினார். ஆண்டாள் கதவை அகலத் திறந்து செங்கல்லை முட்டுக்கொடுத்தாள். லேசான பெட்டிகளை அவளும் இழுத்தாள். நாற்பத்திரண்டு பெட்டியும் வாசலுக்கு எதிரில் தெருவோரமாக, பச்சைப் புள்ளி வெளியே தெரிய அடுக்கப்பட்டன. ஜன்னல் திறந்தது. காற்று வந்தது. கட்டிலைப் பிடித்து நடு அறைக்குத் தள்ளினார்கள். ஆண்டாள் கட்டிலை ஒருதடவை முழுக்கச் சுற்றி நடந்து பார்த்தாள்.

வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. பால் ஊற்ற வந்தவன் குனிந்து படித்தான்.

"இன்னா பாய் இது, சுத்த சைவக் கேமராவா? கறிக்கடையில மாட்டக்கூடாதா?"

"மாட்டலாம். மூணு மாசத்துக்குள்ள சாப்ட்டுடணும்" என்றார் உமர் பாரூக். முந்தின நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் அப்போதுதான் வந்தது. யாரோ ஒருத்தன் போனை எடுத்துப் பெட்டிகளைப் படம் பிடித்தான். இனி அது கல்யாண மண்டபம் வரைக்கும் தானாகவே போய்ச் சேரும், லெட்டருக்கு வேலையில்லை.

ஆண்டாள் கட்டிலின் அந்தப் பக்கம் போய் நின்றாள். ஐந்து வாரத்துக்கு அப்புறம் முதல்தடவை. விரிப்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துப் பெரியவரை இடப்பக்கமாக ஒருக்களித்தாள். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்காலுக்கு நடுவில் ஒன்று, வலதுகைக்கு ஒன்று. சுட்ட இடம் மேலே வந்து காற்றுப் பட்டது.

அப்போது சுவர் கத்தியது.

"ஏய்! பெட்டியெல்லாம் எங்க? ஆண்டாளம்மா! யாரு எடுத்தது? உமரு எங்க? இருக்குது உங்க ரெண்டு பேருக்கும், வந்துக்கினே இருக்கேன்!"

பெரியவர் அந்த மூலையைப் பார்த்து, "இன்னா?" என்றார்.

"ஒண்ணுமில்ல நைனா" என்றான் பாண்டுரங்கன், பழக்கதோஷத்தில்.

ஆண்டாள் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினாள். பாண்டுரங்கன் விட்டுப்போயிருந்த ஸ்டிக்கர் கட்டில் ஒன்றை உரித்து, வெள்ளை உருண்டையின் கண்ணில் நேராக ஒட்டி, ஓரத்தை நகத்தால் நன்றாக அழுத்தினாள்.

"வா தம்பி, வா. ஒம்பது மணிக்கு மறுபடி திருப்பணும். கை குடுக்க ஆள் இருந்தா நல்லதுதான்."

ஸ்டூலிலிருந்து இறங்கி, கை கழுவி, காலண்டரில் அன்றைய தேதிக்கு நேராகப் பென்சிலால் 'ஏழு மணி, இடது' என்று எழுதிவிட்டுக் கஞ்சி வைக்கப் போனாள்.